காணாத் துகளின் கணக்கு

நுழையும்முன்

கண்ணால் கண்டதை நம்புகிறோம். காணாததை எவ்வாறு நம்புவது? கண்ணுக்கும் தெரியாமல், கருவியிலும் படாமல் ஓடி மறையும் ஒரு துகளை உண்டென்று நிறுவ, அறிஞர்களுக்குத் துணை நின்றது ஒரே ஒரு விதி. ஒரு காலத்தில் அவ்விதியையே கைவிட்டுவிடலாமா என்னும் ஐயமும் எழுந்தது. விதி நிலைத்தது எவ்வாறு என்பதையும், அக்கணக்கில் கோலார் பொற்சுரங்கத்திற்கும் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கும் உள்ள பங்கையும் இப்பாடத்தில் காண்போம்.

1. உந்தம்

பரிசிலில் ஆற்றைக் கடப்பவர் கரை நெருங்கியதும் நிலத்தை நோக்கித் தாவினால், பரிசில் பின்னோக்கி நகரும். சக்கரக் காலணி அணிந்த இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் தள்ளினால், இருவருமே பின்னோக்கிச் செல்வர். எடை குறைந்தவர் விரைந்தும், எடை மிகுந்தவர் மெல்லவும் செல்வர். இந்நிகழ்வுகளுக்கு அடிப்படையாக இருப்பது உந்தம்.

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் கிடைப்பது உந்தம். அதற்கு அளவும் உண்டு; திசையும் உண்டு. ஆதலால், கிழக்கு நோக்கிய 5 அலகு உந்தமும் மேற்கு நோக்கிய 5 அலகு உந்தமும் சேர்ந்தால் பத்தாவதில்லை, சுழியாகும். புறவிசை செயல்படாத ஒரு தொகுதியில் மொத்த உந்தம் எந்நிலையிலும் மாறாது. இதனை உந்த மாறா விதி என்பர்.

மிக வழவழப்பான தரை ஒன்றில் அசையாமல் இருக்கும் சிறு மண்சட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். அதனுள் வைத்த வெடி வெடித்து, சட்டி மூன்று சம துண்டுகளாகப் பிரிகிறது. (இதனைச் செய்து பார்க்க வேண்டா, மனத்தில் கண்டால் போதும்.) ஒவ்வொரு துண்டின் நிறையும் 0.1 கிலோகிராம். ஒன்று வடக்கே நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வழுக்கிச் செல்கிறது. அதன் உந்தம் 0.4 அலகு. இன்னொன்று கிழக்கே நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் உந்தம் 0.3 அலகு. மூன்றாம் துண்டு எங்கோ கட்டிலுக்கு அடியில் ஓடி மறைந்துவிட்டது.

மறைந்த துண்டைத் தேடாமலே அதனைப் பற்றிச் சொல்ல இயலுமா? இயலும். வெடிக்குமுன் மொத்த உந்தம் சுழி. வெடித்த பின்னும் சுழியாகவே இருத்தல் வேண்டும். வடக்கு 0.4, கிழக்கு 0.3 ஆகிய இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாக வரைந்தால், கர்ணம் 0.5 ஆகும். அதனை ஈடுசெய்ய, மூன்றாம் துண்டு 0.5 அலகு உந்தத்துடன் நேர் எதிர்த்திசையில், அதாவது தென்மேற்குப் பாங்கில் சென்றிருக்க வேண்டும். அதன் வேகம் நொடிக்கு 5 மீட்டர். கண்ணால் காணாத துண்டின் திசையும் வேகமும் நமக்குக் கிடைத்துவிட்டன.

ஒளியின் வேகத்தை நெருங்கும் துகள்களுக்கு, நிறையை வேகத்தால் பெருக்கும் எளிய வாய்பாடு பொருந்தாது. நிறையே இல்லாத ஒளித்துகளுக்கும் உந்தம் உண்டு. கணக்கிடும் முறை மாறினாலும், மொத்த உந்தம் மாறாது என்னும் விதி மட்டும் மாறுவதில்லை.

2. கணக்கில் விழுந்த துண்டு

சில அணுக்கருக்கள் எலக்ட்ரான் ஒன்றை உமிழ்ந்து வேறோர் அணுக்கருவாக மாறுகின்றன. இதனைப் பீட்டாச் சிதைவு என்பர். ஓய்வில் உள்ள ஒன்று இரண்டாக மட்டும் பிரிந்தால், அவ்விரண்டும் சம உந்தத்துடன் எதிரெதிர்த் திசைகளில் செல்ல வேண்டும். வெளிப்படும் ஆற்றலோ நிலையான அளவுடையது. எனவே, ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் ஒரே ஆற்றலுடன் வெளிவருதல் வேண்டும்.

ஆனால், 1914ஆம் ஆண்டில் ஜேம்ஸ் சாட்விக் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. எலக்ட்ரான்கள் சிலபோது மிகுந்த ஆற்றலுடனும், சிலபோது குறைந்த ஆற்றலுடனும் வந்தன. கணக்கில் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு பங்கு குறைந்தது. அணுவின் உலகில் ஆற்றல் மாறா விதி ஒவ்வொரு நிகழ்விலும் பொருந்த வேண்டுவதில்லை. சராசரியாகப் பொருந்தினால் போதும் என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரே எண்ணத் தலைப்பட்டார். விதிக்கு வந்த சோதனை இதுவே.

1930ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வொல்ஃப்காங் பவுலி ஒரு மடல் எழுதினார். சிதைவில் மூன்றாவதாக ஒரு துகளும் வெளிவருகிறது. அதற்கு மின்னூட்டம் இல்லை. ஆகவேதான் அது கருவியில் படவில்லை. குறையும் பங்கை அதுவே எடுத்துச் செல்கிறது என்பது அவருடைய கருத்து. என்ரிக்கோ ஃபெர்மி அதற்கு நியூட்ரினோ என்னும் பெயரை நிலைபெறச் செய்தார். இத்தாலிய மொழியில் ‘மின்னூட்டமற்ற சிறியது’ என்பது அதன் பொருள். காணாத ஒன்றைக் கற்பித்துக்கொண்டு விதியைக் காப்பாற்றுவது எளிது. அக்கற்பனை மெய்யென நிறுவுவது அரிது. கிளைட் கோவன், ஃபிரடெரிக் ரைன்ஸ் ஆகியோர் அணுஉலை ஒன்றின் அருகே கருவி அமைத்து நியூட்ரினோவை 1956இல் உறுதிப்படுத்தினர். மடல் எழுதி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதற்கிடையே 1947இல் செசில் பவல் குழுவினர், ஒளிப்படக் குழம்பு பூசிய தகடுகளில் பையான் என்னும் துகள் மியூவானாகச் சிதைவதைக் கண்டனர். ஓய்வுக்கு வந்த பையானிலிருந்து கிளம்பிய மியூவானின் தடம் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீளமே இருந்தது. நீளம் மாறாமையால், மியூவானின் ஆற்றலும் மாறவில்லை என்பது தெளிவாயிற்று. ஆகவே, மியூவானுக்கு எதிர்த்திசையில் கண்ணுக்குப் படாத ஒரே ஒரு துகள் சென்றிருக்க வேண்டும். பீட்டாச் சிதைவில் மாறும் ஆற்றல் மூன்று பங்காளிகளைக் காட்டியது. இங்கு மாறாத ஆற்றல் இரண்டு பங்காளிகளைக் காட்டியது.

3. கோலாரின் ஆழத்தில்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் ஆழ்ந்த சுரங்கங்கள் வெட்டப்பட்டன. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் அங்குப் பெருந்திரளாக உழைத்தனர். பொன்னுக்காக வெட்டிய அந்த ஆழம், பின்னாளில் அறிவியலுக்கும் பயன்பட்டது.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பையான்கள் தோன்றுகின்றன. அவை மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் சிதைகின்றன. நிலத்தின் மேற்பரப்பில், நம் உள்ளங்கை அளவுள்ள இடத்தின் வழியே நொடிக்கு ஏறத்தாழ ஒரு மியூவான் கடந்து செல்கிறது. அத்திரளில் நியூட்ரினோவின் அடையாளத்தைத் தேடுவது திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் மெல்லப் பேசுவதைக் கேட்க முயல்வது போன்றது. ஆதலால், பாறையே திரையாகும் ஆழத்திற்கு அறிஞர்கள் இறங்கினர்.

மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் ஆகிய இடங்களைச் சேர்ந்த குழுவினர் கோலாரில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவினர். மேலிருந்து வரும் மியூவான்கள் அவ்வாழத்தை அடைந்தாலும், ஏறத்தாழச் செங்குத்தாகவே வரும். பக்கவாட்டில் வருவதாயின் அவை பல கிலோமீட்டர் பாறையைக் கடக்க வேண்டும். அது மியூவானுக்கு இயலாது. ஆயினும் சில தடங்கள் பக்கவாட்டில் தோன்றின. பாறையைத் துளைத்து வந்த நியூட்ரினோ அருகில் மோதி, அங்கேயே மியூவானைத் தோற்றுவித்திருக்க வேண்டும். மோதிய நியூட்ரினோவின் உந்தத்தில் பெரும்பங்கைப் பெற்றுக்கொண்டு மியூவான் முன்னோக்கிச் செல்வதால், தடத்தின் திசை நியூட்ரினோ வந்த திசையைக் காட்டியது. காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ 1965இல் இவ்வாறு அறியப்பட்டது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கப் பொற்சுரங்கம் ஒன்றில் ரைன்ஸ் குழுவினரும் அதனைக் கண்டனர்.

கோலார்ச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அறிவியல் நூல்கள் ஆய்வு செய்தோர் பெயரைக் குறிக்கின்றன. ஆழத்தை வெட்டியவர் பெயரை நாமேனும் நினைவுகொள்ளல் வேண்டும். நம் வகுப்பில் யாரேனும் ஒருவரின் பாட்டனார் அவருள் ஒருவராக இருந்திருக்கலாம்.

4. மோதுவியும் உணர்கருவியும்

சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில், ஜெனீவாவுக்கு அருகே செர்ன் என்னும் ஆய்வு நிறுவனம் உள்ளது. அங்கு நிலத்தடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்தில் பெரும் ஹாட்ரான் மோதுவி இயங்குகிறது. எதிரெதிரே சுழலும் புரோட்டான்கள் குறித்த இடங்களில் மோதுகின்றன. அவ்விடங்களைச் சூழ்ந்து உணர்கருவிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான சி.எம்.எஸ். 21 மீட்டர் நீளமும், 15 மீட்டர் விட்டமும், 14,000 டன் எடையும் உடையது.

வெங்காயம் போல் அடுக்கடுக்காக அமைந்தது அக்கருவி. உள்ளடுக்கு மின்னூட்டமுள்ள துகள்களின் தடத்தைப் பதிகிறது. 3.8 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலம் அத்தடத்தை வளைக்கிறது. உந்தம் குறைந்த துகள் மிகுதியாக வளையும். உந்தம் மிகுந்த துகள் ஏறத்தாழ நேராகச் செல்லும். ஆகவே, வளைவை அளந்தால் உந்தம் தெரியும். அடுத்த அடுக்குகள் ஒளித்துகள், எலக்ட்ரான், ஏனைய துகள்கள் ஆகியவற்றின் ஆற்றலை அளக்கின்றன. வெளியடுக்கு மியூவானை அடையாளம் காண்கிறது. நியூட்ரினோ மட்டும் எல்லா அடுக்குகளையும் கடந்து, எவ்விதத் தடமும் இன்றி வெளியேறுகிறது.

அதனை அறிய மண்சட்டிக் கணக்கே உதவுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மோதும் புரோட்டானுக்குள் இருக்கும் சிறு கூறுகளே உண்மையில் மோதுகின்றன. புரோட்டானின் உந்தத்தில் அக்கூறுகளின் பங்கு எவ்வளவு என்பது முன்னரே தெரியாது. உடைந்த சில கூறுகள் குழாயின் வழியே ஓடியும் விடுகின்றன. ஆகவே, குழாயின் நீளவாக்கில் கணக்குப் பார்க்க இயலாது. குழாய்க்குக் குறுக்கான திசையில் தொடக்க உந்தம் ஏறத்தாழச் சுழி; முடிவிலும் சுழியாதல் வேண்டும். பதிவான துகள்களின் குறுக்கு உந்தங்களைத் திசையுடன் கூட்டிச் சுழி வரவில்லையெனில், எஞ்சியதை எதிர்த்திசையில் யாரோ எடுத்துச் சென்றிருக்கிறார் என்று பொருள். இதனை விடுபட்ட குறுக்கு உந்தம் என்பர்.

1983இல் டபிள்யூ போசான் என்னும் துகள் கண்டறியப்பட்டது இவ்வழியில்தான். செர்ன் நிறுவனத்தின் முந்தைய மோதுவி ஒன்றில், ஒருபுறம் மிகுந்த ஆற்றலுடன் ஓர் எலக்ட்ரான் சென்றது. மறுபுறம் அதனை ஈடுசெய்ய ஒன்றுமே காணப்படவில்லை. அவ்வெறுமையே நியூட்ரினோவின் சான்றாயிற்று. இவ்வாய்வுக்காகக் கார்லோ ரூபியா, சைமன் வான் டெர் மீர் ஆகியோர் 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

5. தில்லியின் பங்கு

தில்லிப் பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் சி.எம்.எஸ். ஆய்வுக் குழுவில் உறுப்பினர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினரும் தில்லிப் பல்கலைக்கழகத்தினரும் இணைந்து, பெங்களூருவின் பாரத் மின்னணு நிறுவனத்தின் துணையுடன், அக்கருவிக்குரிய சிலிக்கான் பட்டை உணரிகளை உருவாக்கினர். உள்ளங்கையினும் சிறிய ஒவ்வோர் உணரியிலும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் அகலமுள்ள 32 பட்டைகள் உண்டு.

இவற்றின் பணி யாது? ஹிக்ஸ் போசான் சிலபோது இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைகிறது. அவற்றின் ஆற்றல்களையும் அவற்றுக்கு இடையேயுள்ள கோணத்தையும் அளந்தால், உந்த மாறா விதியும் ஆற்றல் மாறா விதியும் கொண்டு தாய்த்துகளின் நிறையைக் கணக்கிடலாம். ஆனால், மோதல்களில் மிகுதியாகத் தோன்றும் மின்னூட்டமற்ற பையானும் இரண்டு ஒளித்துகள்களாகவே சிதைகிறது. ஓய்வில் சிதைந்தால் அவ்விரண்டும் எதிரெதிரே செல்லும். விரைந்தோடும் பையான் சிதைந்தாலோ, அதன் முன்னோக்கிய உந்தத்தை அவ்விரண்டும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருத்தலின், இரண்டும் முன்னோக்கி நெருங்கியே செல்லும்.

60 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள பையானிலிருந்து பிறந்த இரு ஒளித்துகள்கள், 3 மீட்டர் கடந்த பின்னும் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலேயே விலகியிருக்கும். ஆற்றல் அளக்கும் படிகங்கள் அங்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அகலமுடையவை. அவற்றுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அவ்விடத்தில் 2 மில்லிமீட்டர் பட்டைகள் இரண்டையும் பிரித்தறிய உதவுகின்றன. போலியை மெய்யினின்று பிரிப்பதே அவற்றின் தொழில். ஏறத்தாழ 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள புதிய துகள் காணப்பட்டதை, 2012 ஜூலை 4ஆம் நாள் செர்ன் அறிவித்தது.

6. ஐயுற்று ஆராய்தல்

கணக்கில் குறை கண்டவுடன் புதிய துகள் கிடைத்தது என்று அறிஞர்கள் மகிழ்ந்துவிடுவதில்லை. உணர்கருவியின் ஒரு பகுதி பழுதுற்றிருக்கலாம். இரு பகுதிகளின் இடுக்கில் ஒரு துகள் நழுவியிருக்கலாம். ஆற்றல் தவறாக அளக்கப்பட்டிருக்கலாம். பணப்பை குறைந்தால், பிறர் மேல் ஐயம் கொள்ளுமுன் நம் செலவை நாமே திரும்ப எண்ணிப் பார்ப்பது முறை. அதுபோல், தம் கருவியின் குறைகளை எல்லாம் கழித்த பின்னும் எஞ்சுவதே சான்றாகும்.

பிரபஞ்சத்தின் கரும்பொருள் எத்தகைய துகளால் ஆனது என்பதை அறியவும் இன்று இதே கணக்கைக் கொண்டு தேடுகின்றனர். அது இன்னும் அகப்படவில்லை.

உந்தம் ஏன் மாறுவதில்லை? இதற்கு விடை தந்தவர் ஜெர்மானியக் கணித அறிஞர் எம்மி நோய்தர். இயற்கையின் விதிகள் இடத்திற்கு இடம் மாறுவதில்லை. அதனால்தான் உந்தம் மாறுவதில்லை என்பது 1918இல் அவர் வெளியிட்ட தேற்றத்திலிருந்து பெறப்படும் உண்மை. தஞ்சாவூரில் பொருந்தும் விதி தில்லியிலும் பொருந்தும்; கோலாரின் அடியில் பொருந்துவது ஜெனீவாவிலும் பொருந்தும். இடம் பெயர்ந்தாலும் மாறாத ஒன்று உண்டு என்பதே, காணாத் துகளைக் காண நமக்குக் கிடைத்த கண்.

அருஞ்சொற்பொருள்

பரிசில் – மூங்கிலால் பின்னிய வட்ட ஓடம்
பாங்கு – பக்கம், முறை
கர்ணம் – செங்கோணத்திற்கு எதிரே உள்ள பக்கம்
மோதுவி – துகள்களை மோதச் செய்யும் எந்திரம்
உணர்கருவி – துகளின் வரவைப் பதியும் கருவி
எஞ்சுதல் – மீதியாதல்

மொழியை அறிவோம்

‘காணாத துகள்’ என்பது ‘காணாத் துகள்’ என்றும் வரும். இறுதி எழுத்தாகிய ‘த’ கெட்டு நிற்பதால், ‘காணா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இதன்பின் வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ‘மாறா விதி’ என்பதில் வருமொழி வல்லினத்தில் தொடங்காமையால் ஒற்று மிகவில்லை.

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. ஓய்வில் உள்ள துகள் இரண்டாகச் சிதைந்தால், அவ்விரண்டின் உந்தங்கள்
(அ) ஒரே திசையில் அமையும் (ஆ) சமமாகவும் எதிரெதிராகவும் அமையும் (இ) செங்குத்தாக அமையும் (ஈ) மறைந்துவிடும்
2. காந்தப்புலத்தில் மிகுதியாக வளைவது
(அ) உந்தம் மிகுந்த துகள் (ஆ) உந்தம் குறைந்த துகள் (இ) நியூட்ரினோ (ஈ) ஒளித்துகள்

ஆ. பிரித்து எழுதுக.
பொற்சுரங்கம், எதிர்த்திசை, மறைந்திருந்த

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோலாரில் பக்கவாட்டில் தோன்றிய தடம் எதனைக் காட்டியது?
2. குழாயின் நீளவாக்கில் உந்தக் கணக்குப் பார்க்க இயலாமைக்குக் காரணம் யாது?

ஈ. கணக்கிடுக.
ஒரு மோதலில், மேல் நோக்கி 12 அலகும் வலப்புறம் 5 அலகும் குறுக்கு உந்தம் பதிவாயின. வேறெதுவும் பதிவாகவில்லை. விடுபட்ட உந்தத்தின் அளவையும் திசையையும் படம் வரைந்து காண்க. அதனை நியூட்ரினோ என்று அறிவிக்குமுன், ஆராய வேண்டிய இரண்டினைக் குறிப்பிடுக.

உ. ஒரு பக்க அளவில் எழுதுக.
விதியைக் கைவிடுவதா, காணாத துகளை ஏற்பதா என்னும் நிலையில், நீவிர் 1930இல் வாழ்ந்திருந்தால் எப்பக்கம் நின்றிருப்பீர்? காரணங்களுடன் எழுதுக.

ஊ. செயல்பாடு
உம் குடும்பத்தினர் எவ்வூரிலிருந்து, எப்போது, எத்தொழிலுக்காக இடம்பெயர்ந்தனர் என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.